அன்று தண்டனை, இன்று மருந்து: கடையிலேயே செய்யக்கூடிய அசையாப் பயிற்சிகள்



நாம் பள்ளியில் படித்த 1970-களில், வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் மாணவனுக்கு ஒரு தண்டனை உண்டு. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அடியில் நாற்காலி இருப்பதுபோல் முழங்காலை மடக்கி, அந்தரத்தில் உட்கார வேண்டும். எங்கள் ராயக்கோட்டைப் பக்கம் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள் இதைக் 'கோட குர்ச்சி' என்பார்கள். கோட என்றால் சுவர், குர்ச்சி என்றால் நாற்காலி. ஒரு நிமிடம் ஆவதற்குள் தொடை வெடவெடவென்று நடுங்கும். வாத்தியார் எப்போது எழச் சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

இப்போது நமக்கு வயது அறுபத்து நான்கு. வாரத்தில் மூன்று நாட்கள், கடை திறந்து சாமிக்கு ஊதுபத்தி ஏற்றிய கையோடு, பின்கட்டுச் சுவரில் அதே கோட குர்ச்சியைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். முதல் நாள் இதைப் பார்த்த கடைப் பையன்கள் சிரித்தார்கள். காரணத்தைச் சொன்ன பிறகு அவர்களில் ஒருவன் தன் தகப்பனாரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறான். நம் சங்க உறுப்பினர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுத முன்வந்தோம்.

நமக்கு நேர்ந்தது

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் தரையில் பந்தி. வயிறாரச் சாப்பிட்டு இலையை மடித்தோம். எழுந்திருக்க முடியவில்லை. இடது கையை ஊன்றிப் பார்த்தோம், வலது கையை ஊன்றிப் பார்த்தோம். கடைசியில் பரிமாறிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் வாளியை வைத்துவிட்டு வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். முழங்காலில் வலி எதுவும் இல்லை. கால்களில் வலு இல்லை, அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த மாதம், லாரியிலிருந்து அரிசி இறங்கிக்கொண்டிருந்தபோது ஓரத்தில் கிடந்த ஒரு 25 கிலோ சிப்பத்தை நாமே தூக்கி அட்டியில் வைக்கப் போய் இடுப்புப் பிடித்துக்கொண்டது. சர்க்கரை நூறு கிலோ மூட்டையாக வந்த காலத்தில் ஆளோடு ஆளாக நின்று இறக்கியவர்கள் நாம். ஒரு சிப்பம் நான்கு நாட்கள் படுக்க வைத்துவிட்டது. அந்த நான்கு நாட்களில் வசூலாக வேண்டிய பாக்கி வசூலாகவில்லை. வாடிக்கையாகச் சரக்கு எடுக்கும் இரண்டு சில்லறைக் கடைக்காரர்கள் வேறு இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். முதலாளி படுத்தால் கடையும் படுக்கும் என்பதை நாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓசூரில் நம்மைப் பரிசோதித்த பிசியோதெரபி நிபுணர், தொடையை அளந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஐயா, கடைசியாக எப்போது உடம்பால் வேலை செய்தீர்கள்?" யோசித்துப் பார்த்தோம். ஆட்கள் வைத்த பிறகு, ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்ததும் செல்போனில் பேசியதும்தான் நம் வேலையாக இருந்திருக்கிறது.

முப்பது வயதைத் தாண்டிய பிறகு மனிதனின் தசை பத்து ஆண்டுகளுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது என்றும், அறுபதுக்கு மேல் இந்தத் தேய்மானம் வேகமெடுக்கிறது என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பாங்கில் போட்ட முதலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வந்தால், ஒருநாள் காசோலை திரும்பி வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். பந்தியில் நமக்குத் திரும்பி வந்தது அந்தக் காசோலைதான். முதலில் திரும்பப் போடுவதற்கு வழி உண்டு. எந்த வயதிலும் தசைக்கு வேலை கொடுத்தால் அது வலுப்பெறும்.

நாள் முழுதும் நிற்கிறோமே, போதாதா?

கடைக்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. காலை ஐந்து மணிக்குத் தக்காளி மண்டியில் நிற்கிறோம், இரவு ஒன்பது வரை கடையில் நிற்கிறோம், தனியாகப் பயிற்சி எதற்கு?

நிற்கும்போது தசை செய்யும் வேலை மிகக் குறைவு. அதன் முழுத் திறனில் சிறு பங்கைத்தான் அது செலவிடுகிறது. வழக்கத்தைவிடக் கூடுதலான பாரத்தை அடிக்கடி தாங்க நேர்ந்தால்தான் தசை தன்னை வளர்த்துக்கொள்ளும். தவிர, அசையாமல் மணிக்கணக்கில் நிற்பதால் இரத்தம் கால்களில் தேங்கி, நரம்பு புடைத்து, பாதம் வீங்கும். நம்மில் பலருக்கு மாலையில் செருப்பு இறுக்குவது இதனால்தான். ஆகவே நிற்பதைப் பயிற்சிக் கணக்கில் வரவு வைக்க முடியாது.

ஐசோமெட்ரிக் என்றால் என்ன?

நாம் சொல்லப்போகும் பயிற்சிக்கு ஐசோமெட்ரிக் பயிற்சி என்று பெயர். இது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். 'ஐசோ' என்றால் சமம், 'மெட்ரிக்' என்பது அளவைக் குறிக்கும். தசையின் நீளம் மாறாமல், மூட்டு அசையாமல், தசை மட்டும் இறுகி உழைப்பது என்று பொருள். நாம் 'அசையாப் பயிற்சி' என்றே வைத்துக்கொள்வோம்.

வியாபாரிகளுக்கு இதைப் புரியவைக்கப் பழைய தட்டுத் தராசே போதும். ஒரு தட்டில் இருபது கிலோ படிக்கல், மறு தட்டில் இருபது கிலோ வெல்லம். முள் நடுவில் நிற்கிறது, எதுவும் அசையவில்லை. ஆனால் தராசுத் தண்டும் சங்கிலியும் நாற்பது கிலோவைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. நாம் சுவரைத் தள்ளும்போதும் அப்படியே. சுவர் நகராது, கையும் நகராது, ஆனால் தோளும் மார்பும் முழுப் பாரத்தையும் ஏற்கின்றன. தசைக்குள் இருக்கும் மெல்லிய இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த உழைப்பே பயிற்சி.

நம் மண்டிகளில் மூட்டை சுமப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். கால்கள் நடக்கின்றன. கழுத்தும் வயிறும் முதுகும் கல்லுப்போல் இறுகி அசையாமல் நிற்கின்றன. அசையாத அந்தப் பகுதிதான் மூட்டையைக் காப்பாற்றுகிறது. நமக்கு இடுப்புப் பிடித்ததற்குக் காரணம், கையில் வலு குறைந்ததைவிட, தூக்கும் நேரத்தில் நடு உடம்பு இறுகி நிற்காததுதான் என்று நிபுணர் விளக்கினார்.

இது புதிதா?

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டம். அங்கே பெள்ளூர் என்ற சிற்றூரில் 1918-ல் பிறந்தவர் பி.கே.எஸ். ஐயங்கார். சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று நோய்களால் நலிந்தவர். மைசூரில் தம் சகோதரியின் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் ஆசனம் கற்று, 1937-ல் புனே சென்று, உலகெங்கும் மாணவர்களைப் பெற்றார். 2014-ல் தமது 95-வது வயதில் மறைந்தார். அவருடைய முறையின் சிறப்பு, ஓர் ஆசனத்தில் நெடுநேரம் பிசகாமல் நிற்பது. முடியாதவர்களுக்குச் சுவர், நாற்காலி, கயிறு, மரக்கட்டை ஆகியவற்றைத் துணையாகக் கொடுத்தார். நம் கடைகளில் இந்த நான்குமே இருக்கின்றன. பெங்களூரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடம் நடத்திய கே.வி. ஐயரும் 1930-களிலேயே பளு தூக்குவதோடு ஆசனங்களையும் சேர்த்துக் கற்பித்தவர்.

மேல்நாட்டில் அலெக்சாண்டர் சாஸ் என்பவரைச் சொல்வார்கள். முதல் உலகப் போரில் ஆஸ்திரியர்களிடம் சிறைப்பட்டபோது, தம்மைக் கட்டிய சங்கிலியையும் அறைக் கம்பிகளையும் இழுத்து இழுத்தே உடல் வலிமையைக் காத்துக்கொண்டார். பின்னாளில் இங்கிலாந்தில் 'சாம்சன்' என்ற பெயரில் புகழ்பெற்ற பலசாலி ஆனார்.

1953-ல் ஜெர்மனியின் டார்ட்முண்ட் நகரில் ஹெட்டிங்கர், முல்லர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், முழு வலுவில் மூன்றில் இரண்டு பங்கை நாளுக்கு ஒரே ஒருமுறை 6 விநாடி செலுத்தினாலே வாரத்துக்கு 5 சதவீதம் வலிமை கூடுகிறது என்று அறிவித்தார்கள். உலகமே இந்தப் பயிற்சியின் பக்கம் திரும்பியது. பின்னர் செய்த ஆய்வுகளில் இவ்வளவு வேகம் கிடைக்கவில்லை. பலன் உண்டு, ஆனால் இத்தனை மலிவாக வராது என்று தெரிந்தது. தினம் 6 விநாடியில் பயில்வான் ஆகலாம் என்று யாராவது விளம்பரம் செய்தால், அதிக வட்டி தருகிறேன் என்று சொல்லும் சீட்டுக் கம்பெனியைப் போலவே அதையும் எண்ணுங்கள்.

இரத்த அழுத்தமும் அசையாப் பயிற்சியும்

நம் சங்கத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் மாத்திரை சாப்பிடாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள்.

2023-ல் இங்கிலாந்தின் விளையாட்டு மருத்துவ ஏடு ஒன்றில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளிவந்தது. 270 ஆய்வுகளையும் அவற்றில் பங்குபெற்ற 15,827 பேரின் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நடை, ஓட்டம், பளு தூக்குதல் என எல்லாப் பயிற்சிகளும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கின்றன. அவற்றுள் அசையாப் பயிற்சியே அதிகமாகக் குறைத்தது. மேல் அளவு சராசரியாக 8 புள்ளியும் கீழ் அளவு 4 புள்ளியும் இறங்கின. மேல் அளவைக் குறைப்பதில் முதலிடம் பெற்றது சுவரில் சாய்ந்து உட்காரும் பயிற்சி, அதாவது நம் கோட குர்ச்சி.

தசை இறுகியிருக்கும்போது அதனுள் ஓடும் சிறு இரத்தக் குழாய்கள் நசுங்கி, ஓட்டம் குறைகிறது. தளர்த்தியவுடன் மடை திறந்த வாய்க்கால்போல் இரத்தம் பாய்கிறது. இந்தப் பாய்ச்சலால் குழாய்கள் விரிந்து பழகுவதும் நன்மைக்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். ஆனால் இறுக்கிப் பிடித்திருக்கும் அந்த நேரத்தில் இரத்த அழுத்தம் ஏறும் என்பதை மறக்கக்கூடாது. ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டுச் சுவரில் சாயலாம் என்று யாரும் எண்ணவேண்டாம். மாத்திரையைக் குறைப்பதும் கூட்டுவதும் டாக்டர் வேலை.

வலிமை வேறு, தாக்குப்பிடிப்பது வேறு

மொத்த வியாபாரத்தில் ஒரே பில்லில் பெரிய தொகை. சில்லறையில் சின்னச் சின்னத் தொகை, நாள் முழுதும். தசைக்கும் இந்த இரண்டு வியாபாரமும் உண்டு. ஒரு மூட்டையைத் தூக்குவதற்கு வேண்டியது வலிமை. மூன்று மணி நேரம் தளராமல் சரக்கு எண்ணி இறக்குவதற்கு வேண்டியது தாக்குப்பிடிக்கும் சக்தி.

வலிமை கூடவேண்டுமானால், முக்கால் பங்கு பலத்துடன் 5 முதல் 10 விநாடி இறுக்கி, சற்று ஓய்ந்து, ஐந்தாறு முறை செய்ய வேண்டும். தாக்குப்பிடிக்கும் சக்தி கூடவேண்டுமானால், மூன்றில் ஒரு பங்கு பலத்துடன் ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை நிலைத்திருக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இரண்டாவது முறையே ஏற்றது.

பலத்தை அளக்க வீட்டில் உடல் எடை பார்க்கும் சிறு மெஷினே போதும். அதை மேசைமேல் வைத்து இரு உள்ளங்கைகளாலும் அழுத்துங்கள். முழு பலத்தில் 30 கிலோ காட்டினால், மூன்றில் ஒரு பங்கு என்பது 10 கிலோ. முள்ளை 10-ல் நிறுத்திப் பிடியுங்கள். மாதம் ஒருமுறை முழு அளவையும் குறித்து வைத்தால் முன்னேற்றம் கணக்கில் தெரியும். கடையில் சரக்கு நிறுக்கும் தராசில் இதைச் செய்யாதீர்கள். முத்திரை போட்ட தராசு பழுதாகிவிடும்.

செய்முறை

1. சுவர் நாற்காலி: முதுகைச் சுவரில் சாய்த்து, பாதங்களை ஒன்றரை அடி முன்னால் வைத்து, மெல்லச் சரிந்து இறங்குங்கள். தொடை தரைக்கு மட்டமாக வரவேண்டும் என்பதில்லை. முதலில் பாதி இறங்கினால் போதும். 20 விநாடியில் தொடங்கி, சில மாதங்களில் 2 நிமிடம்வரை போகலாம். 2 நிமிடம் பிடித்து 2 நிமிடம் ஓய்வாக நான்கு முறை, வாரம் மூன்று நாள் என்பதே மேற்படி ஆய்வுகளில் வழக்கமாகக் கையாண்ட அளவு. அருகில் ஒரு நாற்காலி இருக்கட்டும், பிடித்து எழலாம்.

2. சாய்ந்த பலகை: கல்லா மேசை அசையாதது என்று பார்த்துக்கொண்டு, அதன் விளிம்பில் இரு கைகளையும் ஊன்றி, கால்களைப் பின்னால் வைத்து, தலை முதல் குதிகால்வரை உடம்பைப் பலகைபோல் நேராகப் பிடியுங்கள். இடுப்பு தொங்கக்கூடாது. வயிறும் முதுகும் உறுதிப்படும். மூட்டை தூக்குகிறவர்களுக்கு இது அவசியம்.

3. கும்பிடு அழுத்தம்: கும்பிடுவதுபோல் உள்ளங்கைகளைச் சேர்த்து மார்புக்கு நேரே ஒன்றையொன்று அழுத்துங்கள். பிறகு விரல்களைக் கொக்கிபோல் கோத்து எதிரெதிராக இழுங்கள். கல்லாவில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

4. கைப்பிடி: துண்டை உருட்டி, ஈரத்துணி பிழிவதுபோல் இறுகப் பிடித்திருங்கள். பிடிப்பு தளர்ந்தவர்களுக்குப் பையும் டப்பாவும் கைநழுவுவது குறையும்.

5. கால் நீட்டல்: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, முழங்காலுக்கு மேலுள்ள தசையை இறுக்கி 10 விநாடி வையுங்கள். முழங்கால் வலியால் சுவர் நாற்காலி முடியாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

6. குதிகால் உயர்த்தல்: மேசையைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் எழும்பி 10 விநாடி நில்லுங்கள். நெடுநேரம் நிற்பவர்களுக்குக் கெண்டைக்காலில் தேங்கும் இரத்தம் மேலேற இது உதவும்.

இவற்றில் ஒரு நுட்பம் உண்டு. காலை எந்தக் கோணத்தில் மடக்கிப் பிடிக்கிறோமோ, அந்தக் கோணத்திலும் அதை ஒட்டியும்தான் வலிமை அதிகமாகச் சேரும். ஆகவே சுவர் நாற்காலியை ஒருநாள் சற்று உயரத்திலும் ஒருநாள் சற்றுத் தாழ்விலும் செய்யுங்கள்.

எச்சரிக்கைகள்

முதலாவதும் முக்கியமானதும், மூச்சை அடக்கக்கூடாது. பாரம் தாங்கும்போது மூச்சைப் பிடிப்பது மனித இயல்பு. அப்படிச் செய்தால் இரத்த அழுத்தம் விர்ரென்று ஏறும். இதைத் தடுக்க எளிய வழி, வாய்விட்டு எண்ணுவது. பேசிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது. நாம் தமிழில் ஒன்று முதல் இருபது, பிறகு கன்னடத்தில் ஒன்று முதல் இருபது என்று எண்ணுகிறோம்.

இதய நோய் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் கண் அல்லது வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது. மார்பில் அழுத்தம், தலைச்சுற்றல், கண் இருளுதல், மூட்டில் குத்தும் வலி தோன்றினால் உடனே நிறுத்தவேண்டும். தொடை எரிவதும் நடுங்குவதும் இயல்பு.

இன்னொன்று. அசையாப் பயிற்சி நடைக்கு மாற்று ஆகாது. இதயமும் நுரையீரலும் நலமாயிருக்க நடக்கத்தான் வேண்டும். பகல் முழுதும் மூட்டை சுமக்கும் தொழிலாளிகளிடம் போய் இதைச் செய் என்று சொல்லவும் வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் நல்ல சாப்பாடும்.

நிறைவாக

நமக்குப் பலன் தெரிய மூன்று மாதம் ஆயிற்று. முதல் நாள் பதினேழு விநாடியில் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டோம். இப்போது ஒன்றரை நிமிடம் நிற்கிறது. இரண்டு நிமிடம் இன்னும் எட்டவில்லை. மாத்திரை அப்படியே தொடர்கிறது. கடந்த தை மாதம், 1791-ல் மைசூர்ப் போரின்போது கம்பெனிப் படை பிடித்த நம் ராயக்கோட்டை மலைக்கோட்டைக்குப் பேரனோடு ஏறினோம். நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் ஏறினோம். ஆனால் நான்கு இடத்திலும் யாரும் கைகொடுக்காமல் எழுந்தோம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பது பழமொழி. கடை, கணக்கு, பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் சித்திரம். கடையில் சுவர் இருக்கிறது, மேசை இருக்கிறது, காலையில் வாடிக்கையாளர் வருவதற்கு முன் கால் மணி நேரமும் இருக்கிறது. அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் நம்மைக் காணும் உறுப்பினர்கள், எத்தனை விநாடி நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போகும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

உடல் நலம் பெருகுக! வணிகம் செழிக்க!